எட்டு இல்லாத கடிகாரம்

அத்தியாயம் நான்கு

"உங்கள யாரு கூப்பிட்டது?"

உச்சிப்புளி விமானத் திடலில் காரை விட்டு இறங்கியதும் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். கேட்டவர் தென்கடல் கம்பெனியின் மேனேஜர் கதிரேசன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் சாவிக்கொத்து.

"யேசுதாஸ் சம்சாரம் வரச் சொன்னாங்க. என் பேர் பூவலிங்கம். இராமநாதபுரத்தில் விசாரணை ஆபீஸ் வைத்திருக்கிறேன். இவர் மதார், என் உதவியாளர்."

"காணாமப் போன சைக்கிளத் தேடுற ஆபீஸ்தான?"

"தேடுறதோட நிக்கல சார், கண்டும் பிடிச்சிருக்கோம்" என்றான் மதார். "ரெண்டு சைக்கிளு. ஒன்னு பெல்லோட."

கதிரேசன் சிரிக்கவில்லை. "வண்டிய ரன்வேயில நிப்பாட்டிட்டு என்ன பேச்சு? எடு அங்கிட்டு."

"திடலில் ஓரமாகத்தான் சார்..." என்று நான் தொடங்கினேன்.

"திடல் இல்லய்யா. ரன்வே. மாடு மேயறதுதான் திடல்."

யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம் அது. இப்போது தென்கடல் கம்பெனியின் இரண்டு இருக்கை விமானம் அங்கே நிற்கிறது. சிங்கி இறாலும் மீனும் ஐஸில் வைத்து அனுப்புகிற கம்பெனி; கடலுக்குப் போக ஒரு மோட்டார் லாஞ்ச்சும் உண்டு. முதலாளி மதுரையில் இருக்கிறார். அவரைக் கூட்டி வரவும் கொண்டுபோய் விடவும் விமானம். அதை ஓட்டுகிறவன் தங்கச்சிமடத்து வலைக்காரர் மகன் யேசுதாஸ். அந்தக் கரையில் பிறந்து பைலட் ஆன ஒரே ஆள் அவன்தான். நேற்று மதியத்திலிருந்து அவனைக் கம்பெனியின் பழைய ஐஸ் ரூமில் பூட்டி வைத்திருந்தார்கள்.

நடந்தது இது. பெரியபட்டினத்து மீன்பிடிக்காரர்கள் முசல் தீவுப் பக்கம் ஆழமில்லாத பாறைத் திட்டில் ஒரு ரப்பர் பையைக் கண்டெடுத்தார்கள். பையில் தென்கடல் கம்பெனி முத்திரை இருந்ததால் நேராக இங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். திறந்தால் உள்ளே தங்கக் கட்டிகள். பையைக் கட்டியிருந்த கயிற்று முடிச்சில், வார் அறுந்த ஒரு கைக்கடிகாரம் சிக்கியிருந்தது.

அந்தக் கடிகாரத்தைக் கதிரேசன் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். விமானிகளுக்கென்றே செய்தது. முகப்பைச் சுற்றிச் சின்னச் சின்ன எண்கள் பதித்த இரண்டு வளையங்கள். வெளி வளையம் திரும்பும், உள் வளையம் நிற்கும். ஒன்றை ஒன்றுக்கு நேராக வைத்தால் வேகம், தூரம், பெட்ரோல் எல்லாக் கணக்கும் காகிதம் இல்லாமல் வந்துவிடும்.

"இந்தக் கருமமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் தொடவே இல்ல. வலைக்காரன் கையில இருந்து கைக்குட்டையில வாங்கி அப்படியே வச்சிருக்கேன்" என்றார் கதிரேசன். "என்னடா இதுன்னு யேசுதாஸ்கிட்டதான் காட்டுனேன். 'சிவப்பு முக்கோணம் ஒரு மணி நேரம், அதுக்கு நேரா எண்பது நிக்கிது, யாரோ எண்பது மைல் வேகத்துக்குக் கணக்குப் போட்டுருக்காக'ன்னு அவனே வாசிச்சான். அவன் பிளேன் போற வேகம் என்ன தெரியுமா? எண்பது. தன் வாயாலயே மாட்டுனான். மேல இருந்து பையப் போட்டுட்டு, பொறவு வள்ளத்துல போயி எடுக்கலாம்னு இருந்திருக்கான். மத்தியான ரயில்ல முதலாளி வாராரு. ஒரு வார்த்த சொன்னதும் போலீசுக்கு ஆள் போகும்."

போலீஸ் வந்தால் சிறை. சிறைக்குப் போய்த் திரும்பினாலும் லைசென்ஸ் திரும்பாது.

ஐஸ் ரூம் வாசலில், கவிழ்த்த மீன்கூடையின் மேல் யேசுதாஸின் மனைவி ஜோதிமேரி உட்கார்ந்திருந்தாள். கம்பி வேலிக்கு வெளியே ஊர்க்கூட்டம் நின்றது. "தங்க மழ பெய்யிற வீட்டுக்காரி" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பவில்லை. என்னைக் கண்டதும்தான் திரும்பினாள்.

"நேத்து சாயங்காலமே வாரேன்னீக."

"நான் படிக்கிற மாலை வகுப்பில் நேற்று பரீட்சை..."

"அவுக உள்ள கெடக்காக, நீங்க பரீட்சை எழுதிட்டு வாரீக. பாஸ் ஆயிட்டீகளா?"

கதவுப் பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். யேசுதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பைக் கயிற்றில் சிக்கியிருந்தது உங்கள் கடிகாரமா?"

"எங்கிட்ட கடியாரமே இல்ல. பிளேன்ல இருக்கிற கடியாரத்தப் பாத்துத்தான் ஓட்டுறேன்."

"அது மாதிரி ஒன்றை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா?"

அவன் கண் என்னைத் தாண்டி ஜோதிமேரியிடம் போனது. திரும்ப நேரம் எடுத்துக்கொண்டது.

"இல்ல."

எனக்கு அந்த இடைவெளி பிடிக்கவில்லை. அதை மனதில் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு காருக்குத் திரும்பினேன். இந்தக் கரையில் இப்படிப்பட்ட கடிகாரம் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றுதான். கீழக்கரையில் ஹாஜா முகைதீன் கடை. கொழும்புச் சாமான் எது வேண்டுமென்றாலும் அங்கே கிடைக்கும்.

"கீழக்கரைக்கா?" மதாரின் முகம் சுருங்கியது. "மாப்ள, நான் கார்லயே இருந்துக்கிறேனே."

"ஏன் மச்சான்?"

"சித்தி ஜுனைதாங்கிற பொண்ண எனக்குப் பேசிக்கிட்டு இருக்காகள்ல? அந்தாளு தம்பி மக அவ. கட்டுனா பொண்ணு வீட்டுலதான் குடியிருக்கணும், அது எங்க வழக்கம். எந்த ரூம்ல என்னப் படுக்க வைக்கிறதுன்னு முடிவு பண்றவரு அவரு. அவரு முன்னாடி போயி விசாரணைன்னு நின்னா, ஆட்டுக்கொட்டகைதான்."

ஆனாலும் கூடவே வந்தான்.

ஹாஜா முகைதீனுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், கால் மேல் கால் போட்டு, யாரையும் எதிர்பார்க்காதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வாட்சு வாங்க வந்தா உக்காரு. வாய் பேச வந்தா பஸ் ஸ்டாண்டுல எடம் இருக்கு."

நான் விஷயத்தைச் சொன்னேன். விமானிக் கடிகாரம் என்றதும் அவர் கண் மதார் பக்கம் போனது.

"ஏலே, நீ இந்த வேலதான் பாக்குறியா? கார் ஓட்டுறேன்னுல்ல எந் தம்பி சொன்னான்."

"கார்தான் மாமா ஓட்டுறேன். இவரு பின்னாடி உக்காந்து துப்பறிவாரு."

"அந்த ஜாதி வாட்சு ரெண்டு வந்துச்சு" என்றார் என்னைப் பார்த்து. "பாக்க வந்தவன் ஒருத்தன் தங்கச்சிமடத்துப் பய. பைலட்டு. அந்தா அந்த ஸ்டூல்ல உக்காந்து, ஒரு பகல் பூரா ரெண்டையும் மாத்தி மாத்தித் திருகிக்கிட்டுக் கெடந்தான். யாவாரத்துக்கு வந்த மத்த ஆளுகள மறிச்சுக்கிட்டு."

'இது மாதிரி பார்த்ததில்லை' என்று சொன்ன மனிதன் இங்கே ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறான். காலையில் நான் பார்த்த இடைவெளி பொய்யின் இடைவெளிதான். இவ்வளவு தூரம் வந்து என் கட்சிக்காரனின் கழுத்துக்கு நானே கயிறு வாங்கிக்கொண்டேனோ என்று தோன்றியது.

"போலாமா மாப்ள?" என்று மதார் காதருகே கேட்டான். "சைக்கிளு பொய் சொல்லாது. அதுல இருக்கிற நிம்மதி இதுல இல்ல."

போயிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"இரண்டில் எதை அவர் தேர்ந்தெடுத்தார்?"

"இருந்து இருந்து ஒன்னப் பொறுக்குனான். வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன், யாருக்கும் குடுத்துராதீகன்னான். போனவன் போனவன்தான். பொஞ்சாதிகிட்ட கேக்க தைரியம் வந்திருக்காது."

"அப்படியென்றால் அவர் பொறுக்கிய கடிகாரம்?"

ஹாஜா முகைதீன் அலுப்போடு அலமாரியைத் திறந்தார். வெல்வெட் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்தா கெடக்கு."

கைக்குட்டையில் நான் பார்த்த அதே முகப்பு. அதே வளையங்கள். ஆனால் இது கடலுக்குப் போகவே இல்லை. கதிரேசனிடம் இருப்பது மற்றொன்று.

"இரண்டும் ஒன்றுதானே? இதில் அவர் என்ன கண்டார்?"

"பாத்தா ஒன்னு. திருகுனா ரெண்டு." அவர் வளையத்தின் மேல் விரல் வைத்தார். "இது இறுக்கம். அது எளக்கம். பைலட்டுப் பய இறுக்கத்தத்தான் எடுத்தான். வச்ச கணக்கு வச்ச எடத்துல நிக்கணுமாம். சட்டக்கை ஒரசி ஒரு கோடு நகந்தாலும் பெட்ரோல் கணக்கு போயிரும்னான்."

"மற்றதை வாங்கியது யார்?"

"வாங்குனவன் பேரையும் சேத்து விக்கிற கடை இது இல்ல."

"பேரை நான் கேட்கவில்லை. அவர் ஏன் இளக்கத்தை எடுத்தார்?"

மதார் மெதுவாக வாயைத் திறந்தான். "மாமாவுக்குத் தெரியாது மாப்ள. வாட்சுதான் மாமாவுக்குத் தெரியும். ஆளு மனசு எப்படித் தெரியும்?"

"எனக்காடா தெரியாது?" ஹாஜா முகைதீன் நிமிர்ந்தார். "முப்பது வருசமா இந்த எடத்துல உக்காந்திருக்கேன். ஒருத்தன் எத வேணாம்கிறான்னு பாத்தே அவன் வீட்டுச் சோத்தச் சொல்லுவேன். அந்த மத்தத வாங்குனவனுக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. கட்ட விரல சர்பத்துல முக்கி எடுத்து, ஈரத்தோட ரெண்டு வளையத்தையும் தள்ளிப் பாத்தான். இது நகரல. அது நகந்துச்சு. அது போதும்னான். அதோட விட்டானா? முள்ளுல பூசியிருந்த ரேடியத்தச் சொரண்டித் தரச் சொன்னான். ஊருல அத்தன பேரும் இருட்டுல மின்னுற வாட்சுக்கு அடிச்சுக்கிறான். இவன் மின்னாத வாட்சு கேக்குறான்."

கடிகாரத்தை மாலை வரை இரவல் கேட்டேன். முதலில் முடியாது என்றார். பிறகு மதாரைப் பார்த்தார்.

"சாயங்காலம் மஃரிபு தொழுகைக்குள்ள இது இந்த அலமாரியில இருக்கணும். இல்லாட்டி சித்தி ஜுனைதாவுக்கு அதிராம்பட்டினத்துல ஒரு மாப்பிள்ள பாத்து வச்சிருக்கேன். பி.ஏ."

காரில் ஏறியதும் மதார் கடிகாரத்தை என் மடியில் வைத்தான், முட்டையை வைப்பது போல. "எங் கல்யாணம் ஒம் மடியில இருக்கு. குலுங்காம உக்காரு." பிறகு, இராமநாதபுரம் தாண்டும்போது, "ஏன் மாப்ள, ஆகாசத்துல போறவனுக்கு எதுக்கு ஈரக்கை? மேகத்துல கை கழுவுவானோ?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரக்கை கடலுக்கு உரியது. மின்னாத முள், யார் கண்ணிலும் படக் கூடாத இரவுக் கடலுக்கு உரியது. ஆனால் அந்த எண்பது? கடலில் எது மணிக்கு எண்பது மைல் போகும்?

உச்சிப்புளி ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் வளையத்தைப் பார்த்தேன்.

"கம்பெனி லாஞ்ச் என்ன வேகம் போகும் மச்சான்?"

"எட்டு மைலு. அதுக்கு மேல போனா இன்ஜின் அழும்."

எட்டைத் தேடினேன். வெளி வளையம் பத்தில் தொடங்கியது. பதினொன்று, பன்னிரண்டு, இருபது, முப்பது என்று போய்த் தொண்ணூற்று ஐந்தைத் தாண்டி மறுபடி பத்துக்கே வந்தது. இன்னொரு முறை சுற்றிப் பார்த்தேன். எட்டு இல்லை. ஒன்பது இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரை எதுவுமே இல்லை.

"எட்டைக் காணோம்" என்றேன்.

"லீவுல போயிருக்கும்."

"சிரிக்காதே. எட்டு மைல் வேகத்தில் போகிறவன் இதில் எப்படிக் கணக்குப் போடுவான்?"

சொன்னதுமே எனக்கு உறைத்தது. இந்த வளையத்துக்குச் சைபர் கிடையாது. பெருக்கவும் வகுக்கவும் மட்டுமே அதற்குத் தெரியும். எட்டும் எண்பதும் எண்ணூறும் அதற்கு ஒரே கோடு. சைபர் வைப்பது ஆள் பொறுப்பு. கட்டைவிரல் நோகத் தள்ளி, எண்பதைச் சிவப்பு முக்கோணத்துக்கு நேராக வைத்தேன். மூன்று மணி நேரம் என்றால் நூற்றெண்பது நிமிடம். உள் வளையத்தில் பதினெட்டைப் பார்த்தேன். அதற்கு நேர் மேலே இருபத்து நான்கு. எட்டு மைல் வேகத்தில் மூன்று மணி நேரம், இருபத்து நான்கு மைல். சரியாக இருந்தது.

யேசுதாஸ் பைலட். எண்பதைப் பார்த்தான், எண்பது என்றே வாசித்தான். வேறு எப்படி வாசிப்பான்?

ரயில் கடந்து போனது. முதல் வகுப்பு ஜன்னலில் ஒரு கனத்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி என்று மதார் சொன்னான்.

"முடிஞ்சுதா அப்ப? கேஸ் ஜெயிச்சாச்சா?"

"பாதிதான். இது லாஞ்ச்சில் இருந்த கடிகாரம் என்று சொல்லலாம். யார் கையில் இருந்தது? டிரைவரா, ஆட்களா, மேனேஜரா? ஹாஜா முகைதீன் சாட்சிக்கு வரமாட்டார். டிரைவர் மேல் பழியைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் தப்பிப்பார்கள். யேசுதாஸும் டிரைவரும் கூட்டு என்றுகூடச் சொல்லலாம்."

கேட் திறந்தது. நான் காலையில் நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். திடல் இல்லை, ரன்வே. ஒரு சொல் தப்பினாலும் திருத்தாமல் விடாத வாய் கதிரேசனுடையது; அந்த ஒரு இடத்தில் நின்றேன்.

"மச்சான், நான் அங்கே போய் ஒரு தப்புப் பண்ணப்போகிறேன். பெரிய தப்பு. நீ குறுக்கே பேசக் கூடாது."

"ஒனக்குப் பழக்கம்தான. பண்ணு."

முதலாளி ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ. மேஜையில் கைக்குட்டை, அதன் மேல் வார் அறுந்த கடிகாரம். யேசுதாஸை ஐஸ் ரூமிலிருந்து கொண்டுவந்து வாசல்படியருகே நிறுத்தியிருந்தார்கள், இரண்டு லாஞ்ச் ஆட்கள் காவலுக்கு. ஜோதிமேரியை உள்ளே விடவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"நீங்கதான் அந்தத் துப்பறியிற ஆளா?" என்றார் முதலாளி. "சீக்கிரம் சொல்லுங்க. சாயங்கால ரயிலுக்கு நான் திரும்பணும்."

நான் தொண்டையைச் செருமினேன். 

"ஐயா, யேசுதாஸ் நிரபராதி. இதோ, இதே மாதிரி இன்னொரு கடிகாரம். இதை நான் நன்றாக ஆராய்ந்து பார்த்துவிட்டேன். அந்தக் கடிகாரத்தில் இருக்கும் வேகம் எண்பது இல்லை. எல்லாரும் தலைகீழாக வாசித்துவிட்டார்கள். உள் வளையம்தான் வேகம். வெளி வளையம் நேரம்." வளையத்தைத் தவறாகத் திருப்பி வைத்துக் காட்டினேன். "பாருங்கள், நாற்பத்தைந்து வருகிறது. நாற்பத்தைந்து மைல் வேகத்தில் விமானம் பறக்காது, விழுந்துவிடும். ஆகவே இது விமானத்தில் போட்ட கணக்கே இல்லை."

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "அப்படியா? எண்பது இல்லையா?"

யேசுதாஸ் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மதார் அவன் காலை மிதித்தான்.

"நூற்றுக்கு நூறு இல்லை" என்றேன். "தெரியாதவர்கள் வாசித்ததால் வந்த குழப்பம்."

"யாருய்யா தெரியாதவன்?" கதிரேசன் மேஜையைச் சுற்றி வந்தார். "முதலாளி, இந்தாளு பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்காதீக. மக்குப் பய. இங்க குடும் அத." என் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கினார். "வெளி வளையம்தான் வேகம். உள்ளது நேரம். சின்னப் புள்ளைக்குத் தெரியும். எண்பத இந்த முக்கோணத்துக்குக் கொண்டுவரணும்..."

வலது கட்டைவிரல் முதலாளியின் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் போய் வந்தது. ஈர விரலால் வளையத்தைத் தள்ளினார். அது நகரவில்லை. மறுபடி தள்ளினார்.

"சனியன், இது இறுக்கமா இருக்கு. அதுல இப்படி மல்லுக்கட்ட வேண்டாம், ஒரே தள்ளுல வந்துரும்." பல்லைக் கடித்துத் தள்ளி எண்பதை முக்கோணத்துக்குக் கொண்டுவந்தார். "ஆங். பாத்தீகளா? பதினெட்டுக்கு நேரா இருபத்தி நாலு. முப்பதுக்கு நேரா நாப்பது. எங்க இருக்கு நாப்பத்தஞ்சு?"

"எதில் மல்லுக்கட்ட வேண்டாம்?" என்று கேட்டேன்.

"என்னது?"

"'அதுல' என்றீர்கள். மேஜையில் இருக்கும் கடிகாரத்தை நீங்கள் தொடவே இல்லை என்று காலையில் சொன்னீர்கள். தொடாத வளையம் ஒரே தள்ளில் வரும் என்று எப்படித் தெரியும்?"

கதிரேசன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்தார்.

"இவன்... யேசுதாஸ் திருகிக் காட்டுனான் நேத்து."

"நான் திருகல" என்றான் யேசுதாஸ் வாசலிலிருந்து. "தொடாத, போலீசு பாக்கணும்னு நீங்கதான் கத்துனீக. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் வாசிச்சேன்."

காவலுக்கு நின்ற லாஞ்ச் ஆட்களில் ஒருவன் தலையை ஆட்டினான். "ஆமா முதலாளி. நானும் நின்னேன்."

நான் முதலாளியிடம் திரும்பினேன். "இந்த வளையத்துக்குச் சைபர் தெரியாது, ஐயா. எட்டு வேண்டுமென்றாலும் எண்பதைத்தான் வைக்க வேண்டும். உங்கள் லாஞ்ச் என்ன வேகம் போகும் என்று மேனேஜரையே கேளுங்கள்."

முதலாளி கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. கதிரேசனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி லாஞ்ச் போச்சான்னு கேட்டப்பல்லாம் ரிப்பேர்னுல்ல சொன்னீரு."

"கீழக்கரையில ஒருத்தரு உங்களுக்கு வாங்கிக் குடுத்த சர்பத்த நீங்க குடிக்கலன்னு இன்னும் வருத்தத்துல இருக்காரு சார்" என்றான் மதார். "வெரல மட்டும் கழுவிட்டு வந்துட்டீகளாம்."

கதிரேசனின் முகத்தில் ரத்தம் ஏறியது. கையிலிருந்த கடிகாரத்தை என் முகத்தைப் பார்த்து எறிந்தார். நான் குனிந்துவிட்டேன். மதார் பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

"எங் கல்யாணம்டா அது" என்றான் கீழே கிடந்தபடியே.

கதிரேசன் வாசல் வரைதான் போக முடிந்தது. யேசுதாஸுக்குக் காவல் நின்ற இரண்டு ஆட்களும் இப்போது அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கடா, உங்க சம்பளத்த யாரு போடுறது?" என்று திமிறினார். அவர்கள் விடவில்லை. ஐஸ் ரூம் கதவு மறுபடி பூட்டப்பட்டது. சாவிக்கொத்தை முதலாளி வாங்கிக்கொண்டார். போலீஸுக்கு ஆள் போனது.

நான் யேசுதாஸிடம் போனேன். "கடிகாரத்தைப் பார்த்ததில்லை என்று ஏன் சொன்னீர்கள்?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "அவ நின்னா. ஒரு நா பூரா கடையில உக்காந்து வாட்சு பாத்தேன்னு அவ காதுல எப்படிச் சொல்றது? போலீசவிட அதுக்குத்தான் பயந்தேன்."

"கேட்டுச்சு" என்றாள் ஜோதிமேரி ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

முதலாளி எழுந்து கோட்டைச் சரிசெய்தார். "சரி யேசுதாஸ். தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. நாளையிலிருந்து வழக்கம்போல வேலைக்கு வா." பிறகு வாசல் ஆளிடம், "ரயிலுக்கு வண்டி சொல்லு."

இதற்குள் ஜோதிமேரி வாசலைச் சுற்றி உள்ளே வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.

"எதுக்கு ரயிலு?"

"என்னம்மா?"

"மதுரைக்கு எப்பவும் இவுக பிளேன்லதான போவீக? இன்னைக்கு எதுக்கு ரயிலு?"

"அவன் நேத்திலிருந்து சாப்பிடல, தூங்கல. இன்னைக்கு வேண்டாம்னுதான்..."

"தூங்காம கடல்ல வலை இழுத்த வம்சம் அது. சோறு நான் கொண்டாந்திருக்கேன், இப்ப திம்பாக." அவள் குரல் உயரவே இல்லை. "நேத்து இவுகள உள்ள தள்ளிப் பூட்டுனத அந்த வேலிக்கு வெளிய நிக்கிற அத்தன பேரும் பாத்தாக. இப்ப நீங்க ரயில் ஏறுனா அதையும் பாப்பாக. முதலாளிக்கே இன்னும் நம்பிக்க வரல, உசுருக்குப் பயந்து ரயில்ல போறாருன்னு சொல்லுவாக. நாளைக்கு எம் புள்ள பள்ளிக்கூடம் போனா அதையே சொல்லுவாக. உங்க மன்னிப்பு எனக்கு வேணாம். நீங்க ஏறணும்."

முதலாளி யேசுதாஸைப் பார்த்தார். நேற்று டெலிபோனில் 'பூட்டி வை' என்று சொன்னவர் இவர். அந்த விமானத்தில் இருக்கை இரண்டே இரண்டு. மேலே போனால் பைலட்டையும் அவரையும் தவிர வேறு யாரும் இல்லை. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

நான் யேசுதாஸின் முகத்தைப் படிக்க முயன்றேன். கோபமா, களைப்பா, எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"கச்சான் காத்து அடிக்கிது" என்றான் அவன். "எதிர்காத்து. கொஞ்சம் ஆட்டும். ஏறுறதா இருந்தா இருட்டுறதுக்குள்ள ஏறணும்."

முதலாளி ஜன்னல் வழியே வேலியோரக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ரயிலுக்கு வண்டி சொல்லப் போனவனைக் கூப்பிட்டு, வேண்டாம் என்றார்.

யேசுதாஸ் தூக்குச் சட்டியில் இருந்த சோற்றை நின்றபடியே தின்றான். கை கழுவினான். விமானத்தைச் சுற்றி நடந்து, சக்கரம், இறக்கை, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். அவசரப்படவில்லை. முதலாளி ஏறி உட்கார்ந்து இடுப்பு வாரைக் கட்டினார். கட்டியதை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

இன்ஜின் சத்தத்தில் வேலியோரக் கூட்டம் முழுவதும் கம்பியை நெருங்கி வந்தது. விமானம் ரன்வேயில் ஓடி, பனைகளுக்கு மேலே எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மேற்கே திரும்பியது.

கூட்டத்திலிருந்து மிக்கேலம்மாள் என்ற பெண், ஜோதிமேரியின் பக்கத்து வீட்டுக்காரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தாள்.

"மொதலாளியே ஏறிட்டாராடி?"

ஜோதிமேரி காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்து நடந்தாள்.

"பாத்தேல்ல? நேத்து வீடு வீடாப் போயிச் சொன்னியே. இதையும் போயிச் சொல்லு."